குரோஸ்னி பள்ளிவாசலில் நிறைவேறிய தீர்மானம்



ரஷ்யாவின் ஆளுகைக்கு உட்பட்ட செச்னியாவின் தலைநகர் குரோஸ்னி. 2017 ஏப்ரல் 3 அன்று அங்குள்ள பெரிய பள்ளிவாசலில் மார்க்க அறிஞர்களும் ஊர்ப் பெரியவர்களுமாக ஆயிரக்கணக்கானோர் திரட்டப்பட்டனர். மாஸ்கோவிலிருந்து வெளிவந்த ‘நோவயா கஸேத்தா’ என்னும் பத்திரிகையினர் பழிவாங்கப்படுவர் என்று எச்சரிக்கும் தீர்மானம் அங்கே நிறைவேறியது. ஆட்சியாளர் ரம்ஸான் கதிரோவின் ஆலோசகர் அவர்களை மார்க்கத்தின் பகைவர்கள் என்றார்.

அவர்கள் செய்த குற்றம், இரு நாட்களுக்கு முன் வெளியிட்ட ஒரு செய்தி. தன்பால் ஈர்ப்புடையோர் என்று ஐயுறப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டனர். குறைந்தது மூவர் கொல்லப்பட்டனர். எழுதியவர் எலேனா மிலாஷினா என்ற பெண் செய்தியாளர். பிப்ரவரி இறுதியில் பிடிபட்ட ஒருவருடைய கைப்பேசியில் இருந்த படங்களும் எண்களுமே முதல் கண்ணி. அதன்பின் பிடிபட்டோர் அடிக்கப்பட்டு, மின்சாரம் பாய்ச்சப்பட்டு, தமக்குத் தெரிந்தவர்களின் பெயர்களைச் சொல்லும்படி வதைக்கப்பட்டனர். உயிரோடு மீண்டோர் சிலரைக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்து, குடும்ப மானத்தைக் காக்க வேண்டியது உங்கள் பொறுப்பு என்று குறிப்பால் உணர்த்தினர்.

அரசின் பேச்சாளர் அனைத்தையும் மறுத்தார். அத்தகையோர் செச்னியாவில் இல்லவே இல்லை என்றார். அதோடு நிற்கவில்லை. இருந்திருந்தால் உறவினரே அவர்களைத் திரும்பி வரமுடியாத இடத்துக்கு அனுப்பியிருப்பார்கள் என்றார். ஒரு மறுப்புரைக்குள் கொலைக்கான அனுமதியையும் வைத்துப் பேசியதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

பாவத்தைத் தடுத்த தலைவர் என்று கதிரோவைப் புகழ்வோர் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஓரின உறவு ஹராம் என்பதில் நான்கு மத்ஹபுகளின் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. மதரஸாவில் நானும் அப்படியே கற்பிக்கிறேன். கேள்வி அதுவன்று. ஆட்சியாளர் ஒருவர் மார்க்கத்தின் பெயரால் செய்தது மார்க்கம்தானா என்பதே கேள்வி.

செச்னிய மக்கள், நம் காயல்பட்டினம், கீழக்கரை மக்களைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபினர். காதிரிய்யா தரீக்காவும் அங்கே வேரூன்றியது. நாம் ஓதும் கிதாபுகள் அவர்களுக்கும் அந்நியமல்ல. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைக்கிறார். கலீஃபா உமர் (ரலி) இரவில் ஒரு வீட்டின் சுவரேறி உள்ளே சென்று, ஒருவர் மதுவுடன் இருப்பதைக் கண்டார். அந்த மனிதரோ, தாம் செய்தது ஒரு பாவம், கலீஃபா செய்தவை மூன்று என்று எண்ணிக் காட்டினார்: துருவி ஆராய்ந்தது, வாசல் வழியே வராதது, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தது. கலீஃபா அவரை விட்டுவிட்டுத் திரும்பினார். பிறர் குறைகளைத் துருவுவதை ஹுஜுராத் அத்தியாயம் தடை செய்கிறது என்பது நம் பிள்ளைகளும் அறிந்ததே. அடுத்தவரின் கைப்பேசியைத் திறந்து துழாவுவதற்கும் சுவரேறிக் குதிப்பதற்கும் என்ன வேறுபாடு?

தம்மிடம் வந்து தாமே பாவத்தை ஒப்புக்கொண்ட மாஇஸ் (ரலி) அவர்களிடமிருந்து நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்ப முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவரை அனுப்பி வைத்த ஹஸ்ஸாலிடம், உம் ஆடையால் அவரை மறைத்திருந்தால் உமக்கு நன்மையாக இருந்திருக்கும் என்ற பொருள்படக் கூறினார்கள். நான்கு சாட்சிகள் இன்றி ஒழுக்கப் பழி சுமத்துவோருக்கு எண்பது கசையடி என்கிறது குர்ஆன். குரோஸ்னியில் சாட்சியும் இல்லை, காழியும் இல்லை. வதைத்துப் பெற்ற வாக்குமூலம் மட்டுமே இருந்தது.

அந்தச் சிறைகள் இவர்களுக்காகப் புதிதாகத் திறக்கப்பட்டவையும் அல்ல. தொழுகையில் பேணுதலும் தாடியின் வடிவமுமே குற்றமாகி, ‘வஹ்ஹாபி’ என்ற ஐயத்தின் பேரில் இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் இப்படியே காணாமல் போயினர். அவர்களுடைய தாய்மார்களின் முறையீட்டை எழுதி வந்த நதால்யா எஸ்தெமிரோவா 2009 ஜூலை 15 அன்று குரோஸ்னியில் கடத்திக் கொல்லப்பட்டார். பள்ளிவாசல்வாசிகள் மீது பழகிய கைதான் பின்னர் இவர்கள் மீதும் விழுந்தது.

இதை எதிர்த்து நின்றோர் சிலரே. ரஷ்யாவின் தன்பாலீர்ப்பாளர் அமைப்பு ஒன்று, நூற்றுக்கும் மேற்பட்டோரைச் செச்னியாவிலிருந்து மறைவாக வெளியேற்றியது. பெயரும் முகமும் காட்டி முதலில் முறையிட்டவர் மக்ஸிம் லாபுனோவ். சைபீரியாவிலிருந்து வந்து குரோஸ்னியில் பலூன் விற்றவர். வழக்குப் பதியவே ரஷ்ய அதிகாரிகள் மறுத்தனர். 2023 செப்டம்பர் 12 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் வதைக்கப்பட்டதை உறுதி செய்தது. அதற்குள் ரஷ்யா அந்த உடன்படிக்கையை விட்டே விலகிவிட்டிருந்தது.

மிலாஷினா நிறுத்தவில்லை. 2023 ஜூலை 4 அன்று மீண்டும் குரோஸ்னிக்குப் போனார். மகன்கள் கதிரோவை விமர்சித்ததால் வீட்டிலிருந்து இழுத்துவரப்பட்ட செச்னியத் தாய் ஒருவருக்கு அன்று தீர்ப்பு. வழியில் முகமூடி அணிந்தோர் மிலாஷினாவை அடித்து, விரல்களை முறித்து, தலையை மழித்து, பச்சைச் சாயத்தை ஊற்றினர். அந்தத் தாய்க்கு ஐந்தரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.