சொறியில் தொடங்கும் சிறுநீரக நோய்

காலையில் எழும்பும் பிள்ளையின் கண்மடல் வீங்கியிருக்கும். நித்திரை போதாது என்று நினைத்துப் பாடசாலைக்கு அனுப்பிவிடுவோம். சலம் பிளேன்டீ நிறத்தில் போவதைப் பிள்ளை வீட்டில் சொல்லாது. பிறகு தலையிடி, வாந்தி. சிலருக்கு வலிப்பும் வரும். பிள்ளைக்கும் இரத்த அழுத்தம் ஏறும் என்று அதுவரை யார் நினைத்தார்கள்?

சிறுநீரக நோய் என்றதும் வடமத்திய மாகாண விவசாயிகளே நம் நினைவுக்கு வருகிறார்கள். பிள்ளைகளுக்குத் திடீரென வரும் இந்தச் சிறுநீரக அழற்சி வேறு. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பக்டீரியா தொண்டையிலோ தோல் புண்ணிலோ தொற்றுகிறது. அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் சிறுநீரகத்தின் வடிகட்டிகளைப் பாதிக்கின்றன. தொண்டை நோவென்றால் ஒன்று முதல் மூன்று வாரத்தில், தோல் புண்ணென்றால் மூன்று முதல் ஆறு வாரத்தில் நோய் தெரியும். அதற்குள் புண் காய்ந்துவிடும். காய்ந்த புண்ணையும் வீங்கிய முகத்தையும் எந்தத் தாய்தான் தொடர்புபடுத்துவாள்?

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 இலட்சத்து 72 ஆயிரம் பேருக்கு இது வருகிறது, 5,000 பேர் இறக்கிறார்கள் என்று 2005இல் ஒரு மதிப்பீடு வெளியானது. அவர்களில் 97 வீதத்தினர் வறிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். பெனிசிலின் கிருமியைக் கொல்லும், தொடங்கிவிட்ட அழற்சியைத் திருப்பாது. ஆனால் உப்பையும் நீரையும் குறைத்து, சலம் போக மருந்து கொடுத்து, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினால் பெரும்பாலான பிள்ளைகள் முற்றாகக் குணமடைகிறார்கள். இவ்வளவு எளிதில் மீளக்கூடிய நோயில் ஒரு பிள்ளை சாவதை என்னால் விதியென்று ஏற்க முடியாது.

கொலன்னாவையில் இதை எழுதக் காரணம் உண்டு. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது இந்தப் பகுதி நீரில் மூழ்கியது. இடம்பெயர்ந்தவர்கள் நெருங்கிப் படுக்கும் இடத்தில் சொறி பரவும். ஒரே பாயில் மூன்று பிள்ளைகள் உறங்கும் வீட்டில் அது பரவ வெள்ளமும் தேவையில்லை. சொறிந்து புண்ணான இடத்தில் அந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமி ஏறுகிறது. ஒரு பிள்ளைக்கு மட்டும் சொறி மருந்து பூசினால், பக்கத்தில் படுப்பவரிடமிருந்து சொறி மீண்டும் தொற்றும். வீட்டார் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும்.

பிஜித் தீவுகளில் ஊர் முழுவதற்கும் சொறிக்கு ஐவர்மெக்டின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டில் சொறி 32 வீதத்திலிருந்து 2 வீதத்துக்கு இறங்கியது. தோல் புண்ணும் 25இலிருந்து 8 ஆனது. இந்த முடிவுகள் 2015இல் வெளியாகின. நமக்கு அவ்வளவு பெரிய திட்டம் உடனே வேண்டாம். அடுத்த வெள்ளத்துக்கு எழுதும் நிவாரணப் பட்டியலில், அரிசிக்கும் பருப்புக்கும் கீழே, குடும்பத்துக்குப் போதுமான, சொறிக்குப் பூசும் பெர்மெத்ரின் மருந்தையும் ஒரு வரியாகச் சேர்க்கட்டும். முகாமுக்கு வரும் மருத்துவக் குழு, பிள்ளைகளின் கைக்கு அளவான பட்டியோடு ஓர் இரத்த அழுத்தமானியையும் கொண்டுவரட்டும்.