துணை ஜனாதிபதி தேர்தலில் எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டு இல்லை, ஏன்?

2022 ஜூலை 18. கொல்கத்தா சட்டமன்றத்தில் எம்.எல்.ஏ.க்கள் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க ஓட்டு போட்டார்கள். ஒரு ஓட்டின் மதிப்பு 151. நம்ம தமிழ்நாட்டில் 176. 1971 மக்கள்தொகைக் கணக்குதான் அடிப்படை.

19 நாள் கழித்து துணை ஜனாதிபதி தேர்தல். மூன்று வருடம் அதே மேற்கு வங்கத்தின் ஆளுநராக இருந்த ஜக்தீப் தன்கர் ஜெயித்தார். ஆனால் அந்த எம்.எல்.ஏ.க்கள் யாருக்கும் இதில் ஓட்டு கிடையாது. எம்.பி.க்களுக்கு மட்டும்தான்.

தகுதி என்ன?

இரண்டு பதவிக்கும் இந்தியக் குடிமகனாக, 35 வயது நிரம்பியவராக இருக்கணும். ஜனாதிபதிக்கு மக்களவை எம்.பி. ஆகும் தகுதி வேண்டும். துணை ஜனாதிபதிக்கு மாநிலங்களவை எம்.பி. ஆகும் தகுதி. அரசிடம் ஆதாயம் தரும் பதவியில் இருக்கக் கூடாது. ஆளுநர், அமைச்சர் போன்ற சில பதவிகளுக்கு விலக்கு உண்டு.

ஏன் இந்த வித்தியாசம்?

ஜனாதிபதியின் அதிகாரம் மாநிலங்களையும் தொடுகிறது. துணை ஜனாதிபதியின் வழக்கமான வேலை மாநிலங்களவையை நடத்துவது. அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்ன காரணம் இதுதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. ஜனாதிபதி இறந்தாலோ விலகினாலோ, ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடக்கணும். அதுவரை துணை ஜனாதிபதியே அந்த நாற்காலியில் முழு அதிகாரத்தோடு இருப்பார். 1969-ல் ஜாகிர் உசேன் இறந்ததும் வி.வி.கிரி அப்படித்தான் பொறுப்பேற்றார்.

2025 ஜூலையில் தன்கர் விலக, செப்டம்பரில் திருப்பூரைச் சேர்ந்த சி.பி.ராதாகிருஷ்ணன் ஜெயித்தார். அப்போதும் நீங்க தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டு இல்லை, எம்.பி.க்கு மட்டும் இருந்தது.