பூட்டியவர் யார்?

2025ம் வருஷம் பிப்ரவரி 15ந் தேதி விகடன் இணையதளம் பல வாசகர்களுக்குத் திறக்கவில்லை. இந்தியர்களை விலங்கிட்டு அமெரிக்கா திருப்பியனுப்பிய சமயம் அது. டிரம்ப்பின் அருகே பிரதமர் மோடியும் விலங்குடன் அமர்ந்திருப்பதாகத் தீட்டிய கேலிச்சித்திரமே காரணம். சர்க்கார் நோட்டீஸ் பத்திரிகைக்குப் பின்னரே வந்தது. முதலில் தண்டனை, பிறகு விசாரணை!

திருவக்கரைப் பக்கத்தார்க்கு இது பழங்கதை. அண்டையிலுள்ள புதுச்சேரியினின்று வெளிவந்த பாரதியாரின் 'இந்தியா'வும் கேலிச்சித்திரங்களுக்குப் பேர்போனது. பிரிட்டிஷார் தம் எல்லைக்குள் அதை நுழையவிடாது தடுத்தனர். 1910ல் அது நின்றது. ஆயினும் தடுத்தது சர்க்கார் என்பதைத் திண்டிவனத்துச் சந்தாதாரரும் அறியக்கூடியதாயிருந்தது.

இன்றோ, பூட்டுகிற கை தனியார் கம்பெனியுடையது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி உத்தரவு வந்தால், இணைய இணைப்புத் தரும் கம்பெனி பணிந்தே தீரவேண்டும். மறுத்தால் ஏழாண்டு வரை சிறை. லாபத்திற்குத் தொழில் நடத்துவோர் பிறர் எழுத்துக்காகச் சிறை புகுவரா?

2015ல் சுப்ரீம் கோர்ட் இப்பிரிவை நிலைநிறுத்திற்று. தடைக்குரிய காரணங்கள் எழுத்தில் பதிவாகவேண்டும் என்பதையும் ஒரு பாதுகாப்பாகக் கருதிற்று. ஆனால் 2009ம் வருஷத்து விதிகளில் 16வது விதி, எல்லாவற்றையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. பெட்டிக்குள் பூட்டிய காரணத்தை எதிர்த்து எவர் வழக்காடுவது?

மார்ச் 6ந் தேதி சென்னை ஹைகோர்ட், சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கியபின் தளத்தைத் திறந்துவிடுமாறு உத்தரவிட்டது. ஒரு சித்திரத்துக்காக முழுத் தளமும் ஏறக்குறைய மூன்று வாரம் அடைபட்டது. 16வது விதியை நீக்கி, உத்தரவின் நகலைப் பத்திரிகைக்கும் வாசகர்க்கும் அளிக்குமாறு நமது பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் சபையில் கேட்பார்களா?