எலி பிழைத்தது, மனிதன்?

சென்ற வாரம் பொன்னமராவதிக் கடைவீதியில் எதிர்ப்பட்ட நண்பர் ஒருவர், "வாத்தியார் ஐயா, ஒரே ஊசி போட்டால் ஆயுள் முழுவதும் இன்புளுயன்ஸா அண்டாதாமே! எலிகளுக்குப் பலித்துவிட்டதாம். நமக்கு எப்பொழுது வரும்?" என்று வினவினார். வீட்டில் பேரன் காய்ச்சலாய்க் கிடக்கிறான். அவர் கவலை நியாயமே. ஆயினும் எலிக்கும் நமக்கும் இடையேயுள்ள தூரத்தை நேயர்கள் அறிந்திருத்தல் நலம்.

இன்புளுயன்ஸா வைரஸ் வேஷதாரி. அதன் மேற்புறத்துப் புரதங்கள் ஓயாமல் உருமாறுகின்றன. ஆகையால் தடுப்பு மருந்தையும் வருஷந்தோறும் பரிசீலித்து, வேண்டியபோது மாற்றுகிறார்கள். வைரஸின் மாறாத பகுதிகளை மாத்திரம் சிறு துணுக்குகளாகச் செய்து, 'இதுவே உன் பகைவன்' என்று உடலுக்கு முன்கூட்டியே காட்டிவிட்டால் என்ன? 'பெப்டைடு' என்னும் இத்துணுக்குகளைக் கொண்டு மருந்து செய்யும் முயற்சி இந்த யோசனையில் பிறந்ததே.

சோதனை முறை எளிது. சில சுண்டெலிகளுக்கு மருந்தைக் குத்துவார்கள், சிலவற்றுக்குக் குத்தமாட்டார்கள். பின்னர் எல்லாவற்றின் மூக்கிலும் வைரஸை விடுவார்கள். எவை இளைத்தன, எவை மடிந்தன, எவை பிழைத்தன என்று கணக்கெடுப்பார்கள். இஸ்ரேல் தேசத்து வைஸ்மன் ஸ்தாபனத்தில் ரூத் அர்னான் அம்மையாரும் சகாக்களும் இத்தகைய சோதனையொன்றை நடத்தி, எலிகளுக்கு ஓரளவு பாதுகாப்புக் கிட்டியதை 1982-இல் வெளியிட்டார்கள்.

அவ்வழியே வளர்ந்த 'எம்-001' என்னும் மருந்தில் 9 துணுக்குகள் கோக்கப்பட்டிருந்தன. எலிகளிடம் அதுவும் நம்பிக்கை அளித்தது. பின்னர் ஐரோப்பாவில், 50 வயதை எட்டிய 12,000-க்கும் அதிகமானோரிடம் பரீட்சித்தார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெற்றூசி. 2020 அக்டோபரில் முடிவு வெளியாயிற்று: நோயைத் தடுப்பதில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை!

எலியை நம்பியது தவறா? தவறன்று, எலியோடு நின்றிருந்தால்தான் தவறு. சோதனைச்சாலை எலிகள் பெரும்பாலும் ஒரே வமிசத்தில், ஒரே அச்சில் வார்த்தாற்போல் பிறந்தவை. முன்பு இந்தக் காய்ச்சலை அறியாதவை. நாமோ உடல்வாகில் ஒருவரைப் போல் ஒருவர் இல்லை; குழந்தைப் பருவம் முதல் பல தடவை இந்நோயோடு போராடியவர்கள்.

தோல்வியை ஒளிக்காமல் உலகுக்கு உரைத்ததும் விஞ்ஞானத்தின் தர்மமே. 1918-இல் இந்நோய் பாரத தேசத்தில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஆகவே தேடலைக் கைவிடலாகாது. பலித்துவிட்டதென்று அவசரப்பட்டு முரசு கொட்டவும் கூடாது.

நண்பரிடம் சொன்னதையே நேயர்களுக்கும் சொல்கிறேன்: "எலிக்குப் பலித்தது என்றால், 'மனிதரிடம் பரீட்சித்தார்களா?' என்று கேளுங்கள். அதுவரை முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வருஷாந்தர ஊசியைப் பற்றி வைத்தியரிடம் விசாரியுங்கள்."