தலைப்பாகையைக் கழற்றச் சொல்லுமுன்

கிள்ளான் செல்லும் நெடுஞ்சாலையில் இரவு நேரச் சாலைத் தடுப்புச் சோதனை நடைபெறுகிறது என வைத்துக்கொள்வோம். சீக்கிய இளைஞர் ஒருவரின் இடுப்பில் சிறிய வாள் தெரிகிறது. அது கிர்பான் என்பதையும், தீட்சை பெற்ற சீக்கியர் அணிய வேண்டிய ஐந்து சமயச் சின்னங்களுள் ஒன்று என்பதையும் அறிந்த காவலர் அமைதியாகப் பேசுவார். அறியாதவரின் கை துப்பாக்கியை நாடக்கூடும். எனவே, சீக்கியர் பண்பாட்டைக் காவலர்கள் பயிற்சிக் காலத்திலேயே முறையாகக் கற்க வேண்டும் என்பது என் கருத்து.

இத்தனைக்கும் சீக்கியர்கள் நம் காவல்துறைக்குப் புதியவர்கள் அல்லர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காவல் பணிக்கென்றே பலர் பஞ்சாபிலிருந்து மலாயாவுக்கு வந்தனர். கோலாலம்பூர் நாடாளுமன்றச் சாலையில் உள்ள போலீஸ் குருத்வாரா அவ்வரலாற்றின் சான்று. நாமோ அவர்களை இன்னும் 'வங்காளி' என்றே அழைக்கிறோம்! கல்கத்தாவில் கப்பலேறி வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது என்பர்.

"சட்டம் எல்லாருக்கும் பொது, இவர்களுக்கு மட்டும் ஏன் சலுகை?" எனச் சிலர் கேட்கலாம். தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்திலிருந்து நம் நாட்டு விதியே விலக்கு அளித்துள்ளது. மேலும், பயிற்சி பெற்ற காவலர் சோதனையைக் கைவிடப் போவதில்லை. செய்யும் முறையைத்தான் மாற்றிக்கொள்வார். பலர் முன்னிலையில் தலைப்பாகையைப் பிடித்து இழுப்பது பெரும் அவமதிப்பு. காரணத்தைக் கூறி, தனியறைக்கு அழைத்துச் சென்று, அவரையே கழற்றச் சொல்லலாம். மீண்டும் கட்டுவதற்கு நேரமும் தர வேண்டும். அது பல மீட்டர் நீளத் துணி.

தைப்பூசத்தன்று பத்துமலையில் அலகு குத்திய பக்தர்கள் காவலர்களைக் கடந்தே செல்கின்றனர். வேலை யாரும் ஆயுதமாகக் கருதுவதில்லை. ஆண்டுதோறும் பார்த்துப் பழகியதே காரணம். சீக்கியர்களோ எண்ணிக்கையில் குறைவு. தொலைவான சிற்றூரிலிருந்து பணிக்கு வரும் இளைஞர் ஒரு சீக்கியரிடம் பேசியே இராமல் இருக்கலாம்.

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு நான்கு நாள்களுக்குப் பின், பல்பீர் சிங் சோடி என்பவர் தலைப்பாகையால் அரபியர் எனத் தவறாகக் கருதப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார். பின்னர், சீக்கியரைப் பற்றிக் காவலர்களுக்கு விளக்கும் பயிற்சிக் காணொளியை அந்நாட்டு நீதி அமைச்சு தயாரித்தது.

காணொளி மட்டும் போதாது என்பேன். கோலாலம்பூர் புலாபோல் மையத்தில் பயிலும் காவலர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை போலீஸ் குருத்வாராவுக்கு அழைத்துச் செல்லலாம். லங்கர் எனும் பொது உணவுக்கூடத்தில் அவர்கள் மற்றவர்களோடு அமர்ந்து உண்ணட்டும். தலைப்பாகை கட்டும் முறையை நேரில் பார்க்கட்டும். கிர்பானைப் பற்றிய கேள்விகளையும் அங்கேயே கேட்கட்டும். இரண்டு இடங்களும் ஒரே நகரில்தான் உள்ளன. ஒரு பேருந்து போதும்.