மூத்ததா, இளையதா?

விடுமுறை வந்தால் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பட்டிமன்றம் தவறாமல் நடக்கும். 'ஜெல்டா' என்னும் ஜப்பானிய வீடியோ விளையாட்டு வரிசையில் 2023-இல் வந்த 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' சிறந்ததா, 2017-இல் வந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' சிறந்ததா என்பதே வழக்கு. வாதம் பாதி தமிழ், பாதி இந்தி.

இளையவன் புதியதன் கட்சி. வானில் மிதக்கும் தீவுகள், பூமிக்கடியில் இருண்ட உலகம், பலகையையும் சக்கரத்தையும் ஒட்டி நாமே வண்டி செய்துகொள்ளும் வசதி, இவையெல்லாம் முந்தையதில் ஏது என்கிறான். மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றதையும் சாட்சிக்கு அழைக்கிறான். மூத்தவனோ, "அதே நிலப்பரப்புதானே? முதன்முதலில் அந்தக் குன்றின் விளிம்பில் நின்று பார்த்த வியப்பு மறுபடி வருமா?" என்கிறான்.

என் தீர்ப்பு இது. விற்பனை தரத்திற்குச் சாட்சியாகாது. கைவண்ணத்தில் புதியதே உயர்ந்தது. ஆனால் அது மூத்தது போட்ட அடித்தளத்தின் மேல் எழுந்த மாடி. 1986-இல் இவ்வரிசையைத் தொடங்கிய ஷிகேரு மியாமோட்டோ, சிறுவயதில் காடு, குகை என்று அலைந்த அனுபவமே அதற்கு வித்து என்று கூறியிருக்கிறார். புது இடத்தைக் காணும் அந்த வியப்பு ஒருமுறைதான் வாய்க்கும். அதில் மூத்ததே வெல்கிறது.

பெற்றோர்களே, "இதெல்லாம் ஒரு பேச்சா?" என்று அதட்டி டி.வி.யை அணைத்துவிடாதீர்கள். பழைய சினிமாப் பாட்டா, புதியதா என்று நாம் மணிக்கணக்கில் வாதாடவில்லையா? அரைமணி உட்கார்ந்து கேளுங்கள். நான் கேட்கத் தொடங்கிய பிறகு, எங்கள் வீட்டு வாதத்தில் தமிழின் பங்கு கூடியிருக்கிறது.