வேற்றூரிலும் ஓர் இருக்கை

றோட்டரிக் கழகம் என்றதும் கனவான்கள் கூடி மதிய உணவு உண்ணும் இடம் என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அதன் தொடக்கம் வேறு. வெர்மொண்ட் மாநிலக் கிராமமொன்றில் வளர்ந்து சிக்காகோவில் தொழில் பார்த்த போல் ஹரிஸ் என்னும் சட்டத்தரணி, அந்நகரில் தனிமையால் வாடினார். 1905 பெப்ரவரி 23இல் மூவருடன் கூடினார். கூட்டம் ஒவ்வொருவர் அலுவலகமாகச் சுழன்றதால் பெயரும் சுழற்சியைக் குறித்தது. அவர்கள் தொடக்கத்தில் எடுத்த பொதுப்பணி என்ன தெரியுமா? நகரில் ஒரு பொது மலசலகூடம்! முகாமில் வாழ்ந்தவர்களுக்கு அதன் அருமையை விளக்கவேண்டியதில்லை.

நாம் இங்கு சொல்ல வந்தது அக்கழகங்களின் பழைய விதியொன்றை. வாராந்தக் கூட்டத்துக்கு வருவது கட்டாயம். 2016இல்தான் இதைத் தளர்த்தினார்கள். ஆனால் வெளியூர் சென்ற அங்கத்தவர் அங்குள்ள கழகக் கூட்டத்தில் அமர்ந்தால், அது சொந்தக் கழகத்தில் வரவாகப் பதியப்பட்டது.

நமது கிராம அபிவிருத்திச் சங்கங்களில்? இடம்பெயர்ந்து வந்த கமக்காரர் ஒருவரை, “உமது பெயர் இங்கே இல்லையே” என்று வாசலில் மறித்ததை நாம் கண்டோம். தம் ஊரில் வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பங்கிட்டவர் அவர். குளத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் இருக்கவே கேட்டார். கடன், வாக்குரிமை எல்லாம் பிறகு பேசலாம். வரவுப் புத்தகத்தில் ஒரு பெயர் எழுத என்ன தடை?

அவரது ஊர்ச் சங்கமே கலைந்துவிட்டதே என்பீர்கள். ஓரூரவர் ஐந்து பேர் அயலில் இருந்தாலும் போதும். வாரமொருமுறை கூடி, வந்தவர் பெயரை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.